கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி: தொலைதூரத் தாது முகாமுக்கு வாங்கலாமா?

சாலை போகாத இடத்தில் தங்கம், வெள்ளி, ஈயம், துத்தநாகம், செம்பு எல்லாம் கலந்து கிடக்கும் ஒரு படிவைத் தேடும் குழுவுக்கு, பணத்தைவிடப் பெரிய செலவு காத்திருப்பு. இன்று துளையிட்டு எடுத்த கோர் (உருளை வடிவப் பாறைத் துண்டு) ஆய்வகம் போய்ச் சேர்ந்து, உடைபட்டு, அரைபட்டு, அமிலத்தில் கரைந்து, முடிவு திரும்பி வருவதற்குள் துரப்பணப் பொறி இரண்டு மூன்று துளை தள்ளிப் போயிருக்கும். அந்த இடைவெளியில் கண்ணும் கைலென்ஸும் தவிர வேறு துணை வேண்டும் என்பதற்காகத்தான் கையடக்க எக்ஸ்ஆர்எஃப்: பாறைமேல் எக்ஸ்ரே பாய்ச்சி, அதில் உள்ள தனிமங்கள் திருப்பி உமிழும் கதிரைப் படித்து அளவு சொல்லும் கருவி. எவிடென்ட் (முன்பு ஒலிம்பஸ்) வான்டா, தெர்மோ ஃபிஷர் நைட்டன், ப்ரூக்கர் எஸ்1 டைட்டன், சையாப்ஸ் ஆகிய வரிசைகள்தான் முகாம்களில் அதிகம் காணக் கிடைப்பவை. இங்கே ஒரு குறிப்பிட்ட மாடலுக்கு மதிப்பெண் போடவில்லை. இந்த வகைக் கருவி ஒரு கலப்பு உலோகப் படிவில் எதைச் செய்து தரும், எங்கே ஏமாற்றும், வாங்கும்போது எந்த உள்ளுறுப்பைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஈயம், துத்தநாகம், செம்பு, ஆர்சனிக், சிர்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றுக்கு இது அருமையான கருவி. வெள்ளிக்கு நிபந்தனையோடு ஏற்கலாம். தங்கத்துக்கு இதை நேரடியாகப் பயன்படுத்தவே கூடாது. எந்தக் கோரை எங்கே அறுப்பது, எந்த மாதிரியை முதலில் அனுப்புவது, அடுத்த துளையை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று அன்றைக்கே முடிவெடுக்க இதை வாங்குங்கள். தாதுவின் தரத்தைச் சொல்ல வாங்காதீர்கள்.

தங்கத்தில் இருந்தே தொடங்குவோம். வாங்குபவர்களில் பலர் அதற்காகத்தான் வாங்குகிறார்கள். டன்னுக்கு ஒரு கிராம் என்பது ஒரு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு). சுத்தமான சிலிக்காத் தளத்தில்கூட இந்தக் கருவி தங்கத்தைச் சில பிபிஎம்முக்குக் கீழே பிரித்தறியாது. கலப்புத் தாதுவில் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய சில ஆற்றல்களில் கதிரை உமிழும்; அவற்றைக் கோடுகள் என்பார்கள், கே-ஆல்ஃபா, எல்-பீட்டா என்பவை அவற்றின் பெயர்கள். தங்கத்தின் எல்-ஆல்ஃபா கோடு 9.71 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் விழுகிறது (இனி வரும் கோட்டு எண்கள் எல்லாம் இதே அலகில்). துத்தநாகத்தின் கே-பீட்டா 9.57இல். கதிரைப் பதிவு செய்யும் டிடெக்டரின் பிரிதிறன் ஏறத்தாழ 0.14 முதல் 0.15 என்பதால் இரண்டும் ஒரே மேடாகத் தெரியும். அதைப் பிரிப்பது மென்பொருளின் கணக்கு. துத்தநாகம் 5 விழுக்காடு உள்ள ஸ்பாலரைட் (துத்தநாகக் கனிமம்) நாளத்தில், அதாவது பாறைப் பிளவை நிரப்பிய தாதுப் பட்டையில், அந்தக் கணக்கு சிறிது பிசகினாலே திரையில் 30, 40 பிபிஎம் தங்கம் தோன்றும். இன்னொரு தங்கக் கோடான எல்-பீட்டாவுக்கு (11.44) மாறினால் ஆர்சனிக்கின் கே-பீட்டா (11.73) பக்கத்திலேயே நிற்கிறது. தங்கப் படிவுகள் பலவற்றில் ஆர்சனோபைரைட் என்னும் ஆர்சனிக் கனிமம் இருப்பதால் அதுவும் பாதுகாப்பான வழி அல்ல.

கோடுகளை எப்படியோ பிரித்துவிட்டாலும் அளவு இடிக்கிறது. கருவியின் கண் சுமார் 8 மி.மீ. விட்டம். குவார்ட்ஸ் பாறையில் துத்தநாகம் அல்லது தங்கத்தின் கதிர் அரை மி.மீ. ஆழத்துக்கு மேல் இருந்து வெளியே வராது. ஆக ஒரு வாசிப்பு பார்ப்பது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பாறையை. 47.6 மி.மீ. விட்டமுள்ள என்க்யூ அளவுக் கோரில் ஒரு மீட்டரின் பாதி மட்டுமே சுமார் 2.4 கிலோ. ஆய்வகம் அதை அரைத்து, 85 விழுக்காடு 75 மைக்ரானுக்குக் கீழே வரும்படி பொடித்து, 30 அல்லது 50 கிராம் எடுத்து ஃபயர் அசே (உருக்கித் தங்கத்தைப் பிரித்து அளக்கும் முறை) செய்கிறது. அதிலும் தங்கம் பருமணியாக இருந்தால் முடிவு ஆட்டம் காண்கிறது. அதனால்தான் சல்லடை ஃபயர் அசே என்று தனி முறையே உண்டு. அரிசி மணி அளவு பாறையை ஒரு நிமிடம் பார்த்துத் தங்கத்தின் தரம் சொல்வது எந்தக் கருவிக்கும் முடியாத காரியம். களத்திலேயே தங்கம் பார்க்க வேண்டுமானால், பொடியில் இருந்து தங்கத்தைக் கரைத்தெடுத்து ஒரு சேகரிப்பானில் குவித்து, பிறகு அந்தச் சேகரிப்பானை எக்ஸ்ஆர்எஃப் கொண்டு படிக்கும் முறை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ உருவாக்கிய டிடெக்ட்ஓர் அந்த வகை. அது வேறு வேலை, வேறு செலவு. பாறைமேல் வைத்து விசையை அழுத்துவதோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தங்கத்தைத் தேட இந்தக் கருவி உண்மையில் உதவும் வழி மறைமுகமானது. ஆர்சனிக், ஆன்டிமனி, பிஸ்மத் போன்ற வழிகாட்டித் தனிமங்கள் நாளத்தைச் சுற்றி அகலமாகப் பரவியிருக்கும். தங்கம் 2 பிபிஎம் இருக்கும் இடத்தில் ஆர்சனிக் சில நூறு பிபிஎம் இருப்பது சாதாரணம், அதைக் கருவி எளிதாகப் பிடிக்கும். மண் மாதிரி வலைப்பின்னலில் ஆர்சனிக் ஏறும் திசையை அன்று மாலையே வரைபடத்தில் போட்டுப் பார்க்க முடிவது பெரிய விஷயம். பாதரசம், டெல்லூரியம் இரண்டும் படிவைச் சுற்றி இருக்கும் அளவுகள் கருவியின் எட்டுக்குக் கீழே. அவற்றுக்கு ஆய்வகம்தான்.

ஆர்சனிக்கிலும் ஒரு பொறி உண்டு. அதன் கே-ஆல்ஃபா 10.54, ஈயத்தின் எல்-ஆல்ஃபா 10.55. இரண்டும் ஏறக்குறைய ஒரே கோடு. கருவி ஈயத்தை 12.61இல் உள்ள வேறு கோட்டில் அளந்து, அதை வைத்து 10.5இல் ஈயத்தின் பங்கைக் கழித்து, மிச்சத்தை ஆர்சனிக் என்று சொல்கிறது. ஈயம் ஆர்சனிக்கைப் போல் பத்து மடங்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தக் கழித்தல் கணக்கை நம்ப முடியாது. அமெரிக்க சுற்றுச்சூழல் முகமையின் 6200 எண் முறையும் இதே எல்லையைத்தான் குறிக்கிறது. கலீனா (ஈயக் கனிமம்) நிறைந்த நாளத்துக்குள் ஆர்சனிக் எண்ணைப் பார்க்க வேண்டாம். நாளத்துக்கு வெளியே, ஈயம் குறைந்த சுவர்ப்பாறையில் பாருங்கள்.

அடுத்து இரும்புத் தொப்பி. சல்ஃபைடு படிவு மேற்பரப்பில் சிதைந்து, துருப்பிடித்த இரும்புத் தொப்பியாக (காசன்) நிற்கும் இடத்தில்தான் பல தேடல்கள் தொடங்குகின்றன. அங்கே இரும்பு 40, 50 விழுக்காடு இருக்கும். அதனால் இரண்டு போலி எண்கள் பிறக்கும். இரும்பின் கே-பீட்டா (7.06) கோபால்ட்டின் கோட்டை (6.93) ஏறக்குறைய மூடிவிடும், நூற்றுக்கணக்கான பிபிஎம் கோபால்ட் திரையில் வரும், பாறையில் இருக்காது. இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. இரண்டு இரும்புக் கதிர்கள் டிடெக்டரை ஒரே கணத்தில் அடித்தால் அது இரண்டின் கூட்டுத்தொகையாக, 6.40 இரண்டு மடங்கு 12.80 என்று பதிவு செய்யும். ஈயத்தின் 12.61 கோடு அதற்குப் பக்கத்தில்தான். ஆகவே காசனில் 50, 60 பிபிஎம் ஈயம் என்று வந்தால் கொண்டாடும் முன் நிறமாலையைத் திறந்து பாருங்கள், 10.55இலும் மேடு இருந்தால்தான் அது ஈயம். நிறமாலையைத் திரையிலேயே பெரிதாக்கிப் பார்க்க விடாத கருவியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். விற்பனையாளர் செய்து காட்டும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

வெள்ளிக்கு வருவோம். வாங்கும்போது எக்ஸ்ரே குழாயின் ஆனோடு (எக்ஸ்ரே பிறக்கும் உலோக முனை) எந்த உலோகம் என்பதை ஏனோ யாரும் கேட்பதில்லை. வெள்ளியின் கே-ஆல்ஃபா 22.16. ஆனோடு வெள்ளியாக இருந்தால் குழாயில் இருந்தே வரும் வெள்ளிக்கதிர் மாதிரியில் பட்டுச் சிதறி அதே இடத்தில் விழும். வெள்ளிப் படிவுக்கு அது சரிப்படாது. ரோடியம் ஆனோடில் ரோடியத்தின் கே-பீட்டா 22.7இல் நெருங்கி நிற்கும். வடிகட்டி பெரும்பகுதியைச் சமாளிக்கும். டங்ஸ்டன் ஆனோடு அந்தப் பகுதியில் சுத்தம், ஆனால் டங்ஸ்டனின் எல்-பீட்டா 9.67 தங்கக் கோட்டின் மேலேயே உட்காரும். தங்கத்தைத்தான் பார்க்கப் போவதில்லையே, ஆகவே வெள்ளி-ஈயம்-துத்தநாகப் படிவுக்கு டங்ஸ்டன் நல்ல தேர்வு. அலுமினியம், சிலிக்கன், மக்னீசியம் போன்ற இலகு தனிமங்களை வைத்துப் பாறை வகைப்படுத்துவது முக்கிய வேலை என்றால் ரோடியம். குழாய் மின்னழுத்தம் 50 கிலோ வோல்ட் வரை போக வேண்டும். வெள்ளியைத் தூண்ட 25.5 தேவை, அதற்கு மேல் தாராளமாக இருந்தால்தான் எண்ணிக்கை வரும். 40 ஓடும், 50 நன்றாக ஓடும்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் சில பத்து பிபிஎம்முக்குக் கீழே வெள்ளி எண்ணை நம்ப வேண்டாம். ஆய்வகத்தில் நான்கு அமிலங்களில் கரைத்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் முறை நூறில் ஒரு பங்கு பிபிஎம் வரை போகும், ஒப்பிடவே முடியாது. திண்மக் கலீனாவின்மேல் நேரடியாக வைக்கும்போது இன்னொரு சிக்கல். குவார்ட்ஸில் வெள்ளிக்கதிர் சில மி.மீ. ஆழத்தில் இருந்து வெளியே வரும். கலீனாவில் ஈயமே அதை விழுங்கிவிடுவதால் பத்தில் ஒரு மி.மீ. தான். மேற்பரப்பில் ஒட்டிய ஒரு டெட்ராஹெட்ரைட் (வெள்ளி கலந்திருக்கக்கூடிய செம்புக் கனிமம்) மணி முழு எண்ணையும் தூக்கிவிடும். கந்தகத்தையும் அங்கே நம்பாதீர்கள்: ஈயத்தின் எம் கோடு 2.35, கந்தகம் 2.31.

இந்தக் கருவியின் உண்மையான பலம், நம் பார்வையில், உலோகத்தில்கூட இல்லை. சிர்கோனியம், டைட்டானியம் விகிதத்தில் இருக்கிறது. வெந்நீர்க் கரைசல் ஓடி, பாறை முழுவதும் வெளுத்து, செரிசைட், குளோரைட் என்னும் மாற்றுக் கனிமங்களாக மாறிய இடத்தில் மூல எரிமலைப் பாறை ரையோலைட்டா ஆண்டிசைட்டா என்று கண்ணால் சொல்ல முடியாது. பொட்டாசியம், சோடியம், கால்சியம் எல்லாம் இடம்பெயர்ந்திருக்கும். டைட்டானியமும் சிர்கோனியமும் பெரும்பாலும் அசையாது. அவற்றின் விகிதத்தை ஒவ்வொரு இரண்டு மீட்டருக்கும் எடுத்து வரைந்தால், ஒரே சாம்பல் நிறத்தில் தெரிந்த கோர் நாலு தெளிவான அடுக்குகளாகப் பிரியும். எரிமலைசார் திண்ம சல்ஃபைடு படிவில் தாது எந்த அடுக்கின் உச்சியில் படிகிறது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை முகாம் மேசையிலேயே கிடைக்கிறது. ருபீடியம்-ஸ்ட்ரான்ஷியம் விகிதம் செரிசைட் மாற்றம் எங்கே வலுக்கிறது என்று காட்டும். இதற்காக மட்டுமே இந்தக் கருவியை வாங்கலாம்.

இங்கும் கவனம் வேண்டும். பேரியத்தின் எல்-ஆல்ஃபா 4.47, டைட்டானியம் 4.51. பேரைட் (பேரியக் கனிமம்) நிறைந்த படிவில் டைட்டானியம் எண் வீங்கிவிடும். அலாஸ்காவின் ரெட் டாக் போன்ற பேரைட் கூடிய துத்தநாக-ஈயப் படிவுகளில் இது அன்றாடச் சிக்கலாகிவிடும். ஸ்ட்ரான்ஷியத்தின் கே-பீட்டா 15.83, சிர்கோனியத்தின் கே-ஆல்ஃபா 15.77. ஸ்ட்ரான்ஷியம் ஆயிரம் பிபிஎம் தாண்டினால் சிர்கோனியத்தைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

மாதிரித் தயாரிப்பில்தான் பெரும்பாலான முகாம்கள் தோற்கின்றன. பெட்டியில் கிடக்கும் ஈரக் கோரின்மேல் கருவியை வைத்து மீட்டருக்கு ஒரு வாசிப்பு எடுப்பது வேகமானது, ஆனால் அந்த ஒரு புள்ளி நாளத்தில் விழுந்ததா இல்லையா என்பதே எண்ணைத் தீர்மானிக்கும். குறைந்தபட்சம் மீட்டருக்கு ஐந்து புள்ளிகள், 20 செ.மீ. இடைவெளியில், கனிமம் தெரியும் இடத்தைத் தேடிப் போகாமல் அளவுகோல் சொல்லும் இடத்திலேயே. ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டிய மண்ணில் எண்கள் கணிசமாகக் குறைந்து வரும். கோரின்மேல் மெல்லிய நீர்ப்படலமே சிலிக்கன், அலுமினியத்தைக் கெடுத்துவிடும். துத்தநாகம், ஈயம் அவ்வளவாகப் பாதிக்காது.

இதைவிட நல்ல வழி: கோரை அறுக்கும்போது வரும் தூளோ, ஆய்வகத்துக்கு அனுப்ப உடைத்த மாதிரியின் சிறு பங்கோ எடுத்து, 60 பாகை செல்சியஸுக்கு மேல் போகாமல் உலர்த்தி, பொடித்து, 180 மைக்ரான் சல்லடையில் சலித்து, எக்ஸ்ரேயை விடும் 4 மைக்ரான் ப்ரோலீன் பிளாஸ்டிக் படலம் போட்ட கிண்ணத்தில் குறைந்தது 10 மி.மீ. உயரம் நிரப்பித் தட்டி இறுக்கிப் படிப்பது. ஆழம் குறைந்தால் வெள்ளி, ஆன்டிமனி போன்ற உயர் ஆற்றல் தனிமங்களின் எண் இறங்கும். பிளாஸ்டிக் பையின் மேலேயே வைத்துப் படித்தால் கனத் தனிமங்கள் ஓரளவு தாங்கும், இலகு தனிமங்கள் காணாமல் போகும். பை வகை இடையில் மாறினால் எண்களில் ஒரு படிக்கட்டு விழும். பிறகு அதைப் படிவின் எல்லை என்று யாரோ வரைந்துவிடுவார்கள்.

மாசு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். துரப்பணக் குழாய்களின் திருகில் பூசும் பல கிரீஸ்களில் துத்தநாகம், செம்பு, சிலவற்றில் ஈயமும் உண்டு. வைர பிட்டின் உடலில் டங்ஸ்டனும் கோபால்ட்டும். கோர் அறுக்கும் தட்டில் கோபால்ட், செம்பு, வெள்ளீயம். டங்ஸ்டன் கார்பைடு அரைவையில் பொடித்த மாதிரியில் டங்ஸ்டனும் கோபால்ட்டும் ஏறும், குரோம் எஃகு அரைவையில் குரோமியம். அறுத்த தூளைப் படிக்கும் முன் ஒரு சுத்தக் குவார்ட்ஸ் கட்டியை அதே தட்டால் அறுத்துப் படித்துவிடுங்கள். தட்டு என்ன சேர்க்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

கருவியின் அமைப்பில் இரண்டு பெரிய முறைகள் இருக்கும்: சிதறலை வைத்துச் சரிசெய்யும் மண் முறை, எல்லாத் தனிமத்தையும் சேர்த்துக் கணிக்கும் சுரங்க அல்லது ஜியோகெம் முறை. உலோகம் ஓரிரு விழுக்காட்டைத் தாண்டியதும் மண் முறை தடுமாறும். ஒரு துளையின் நடுவில் முறையை மாற்றுவது மிகவும் சகஜமான தவறு. ஒரு கற்றைக்கு (ஒரு மின்னழுத்த, வடிகட்டி அமைப்பில் பாய்ச்சும் எக்ஸ்ரே) 30 நொடி, மூன்று கற்றைக்கு ஒன்றரை நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். பிழையைப் பாதியாக்க நேரம் நான்கு மடங்கு வேண்டும் என்பதால் அதற்கு மேல் இழுப்பதில் லாபம் குறைவு. திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் வரும் கூட்டல்-கழித்தல் எண்ணிக்கைப் பிழை மட்டுமே. மாதிரி சீரற்றதா, கோடுகள் மோதுகின்றனவா என்பதெல்லாம் அதில் அடங்காது.

தரக் கட்டுப்பாட்டுக்குத் தினமும் காலையில் ஒரு சிலிக்கா வெற்று மாதிரி, இரண்டு மூன்று சான்றளித்த தர மாதிரிகள், பிறகு 20 வாசிப்புக்கு ஒருமுறை வெற்று, தர மாதிரி இரண்டும், ஒரு மறுவாசிப்பும், மாலையில் மறுபடி. அமெரிக்க தர நிறுவனமான நிஸ்ட் தரும் 2710ஏ மண் கலப்பு உலோக வேலைக்குப் பொருத்தம்: ஈயம் 0.552, துத்தநாகம் 0.418, செம்பு 0.342, ஆர்சனிக் 0.154 விழுக்காடு. உங்கள் படிவின் பாறையிலேயே 20, 30 பொடி மாதிரிகளை ஆய்வகத்தில் அளந்து, கருவி எண்ணோடு வரைந்து திருத்தக் கோடு எடுப்பது கட்டாயம். அந்த வரைபடத்தில் ஒரே ஒரு உயர்தர மாதிரி கோட்டை இழுத்துக்கொண்டு போனால், பொருத்தம் அழகாகத் தெரியும், கீழ்மட்டம் முழுக்கத் தவறாக இருக்கும். தாழ்ந்த, உயர்ந்த தரங்களுக்குத் தனித்தனிக் கோடு போடுங்கள். கனிமத் தேடல் முடிவுகளை வெளியிடுவதற்கான ஆஸ்திரேலிய விதிகளான 2012ஆம் ஆண்டு ஜோர்க் விதித்தொகுப்பின் முதல் அட்டவணை, கையடக்க எக்ஸ்ஆர்எஃப் எண்களை வெளியிட்டால் கருவியின் தயாரிப்பு, மாடல், வாசிப்பு நேரம், திருத்தக் காரணி, அது வந்த வழி எல்லாவற்றையும் சொல்லச் சொல்கிறது. முதல் நாளில் இருந்தே குறித்து வைக்காவிட்டால் பின்னால் திரட்ட முடியாது.

தொலைதூரத்துக்கே உரியவை சில. உயரத்தில் காற்றழுத்தம் குறையும். 4,000 மீட்டரில் கடல்மட்டத்தின் அறுபது விழுக்காடு அளவே. கருவிக்கும் பாறைக்கும் இடையே உள்ள காற்று மெலிவதால் அலுமினியம், சிலிக்கன் எண்கள் உயரும். உள்ளேயே அழுத்தமானி வைத்துத் தானே திருத்தும் மாடலை வாங்குங்கள். குளிரில் இருந்து சூடான கூடாரத்துக்குக் கொண்டுவந்தவுடன் இயக்கினால் ஜன்னலில் பனித்துளி படியும். பெட்டிக்குள்ளேயே வைத்து அரை மணி நேரம் விடுங்கள். உபரி லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், 100 வாட்-மணிக்கு மேல் இருந்தால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

முகாமையே நிறுத்தக்கூடிய பழுது ஒன்றுதான்: டிடெக்டர் ஜன்னலில் குத்து. முன்பக்க பிளாஸ்டிக் படலம் கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம். இருபது உபரி வைத்திருங்கள். ஆனால் குவார்ட்ஸ் முனை உள்ளே போய் டிடெக்டரின் பெரிலியம் அல்லது கிராஃபீன் ஜன்னலைத் துளைத்தால் கருவி தொழிற்சாலைக்குத்தான் போக வேண்டும். பெரிலியம் நச்சு என்பதால் உடைந்த ஜன்னலைத் தொட்டுப் பார்க்கவும் கூடாது. கூரான பாறை முகத்தில் கருவியை அழுத்தாதீர்கள். டிடெக்டர் காப்பு வலையோடு வரும் மாடல் இலகு தனிமங்களில் கொஞ்சம் உணர்திறனை இழக்கும், ஆனாலும் முகாமுக்கு அதுதான் சரி.

கதிர்வீச்சு விஷயத்தில் சலுகையே கிடையாது. பாறைத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டும், கோரைத் தொடைமேல் வைத்துக்கொண்டும் விசையை அழுத்தும் பழக்கம் பல முகாம்களில் இன்னும் இருக்கிறது. ஜன்னலின் வாயில் விரலுக்குக் கிடைக்கும் கதிர் தீங்கு செய்யக்கூடியது. மூடியுள்ள சோதனைத் தாங்கியைக் கருவியோடு சேர்த்தே வாங்குங்கள். கிண்ண மாதிரிகள் எல்லாம் அதில், கோர் மட்டும் பெட்டியில், எதிர்ப்பக்கம் யாரும் நிற்காமல். தாங்கியைத் தனி விலைக்கு விற்கிறார்கள் என்பதற்காக அதை விட்டுவிட்டு வாங்குவதாக இருந்தால், கருவியையே வாங்க வேண்டாம்.